எங்களுக்கென்று ஓர் இசை: ஆர்ட் என்செம்பிள் ஒவ் சிக்காகோவைக் கேட்ட பிறகு ஒரு கேள்வி

இரணைமடு (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம் உறவுகளே. கிளிநொச்சியில் ஏழு பேர் கொண்ட ஓர் இசைக்குழுவில் ட்ரம்பெட் வாசிக்கிறேன். பாடசாலை பாண்ட் வாத்தியக் குழுவில் பழகியது. எங்களுடன் நாதஸ்வரம், தவில், வயலின், கிற்றார், ஓர்கன், பாடுவதற்கு ஒரு தங்கை. எட்டு வருடங்களாகத் திருவிழா, கலியாண வீடு, பாடசாலை விழா என்று ஓடுகிறோம். ஓர் இரவுக்கு இருபத்தைந்து, முப்பது பாட்டு. அத்தனையும் சினிமாப் பாட்டு.

போன மாதம் ஒரு கோயில் வீதியில் இரவு இரண்டு மணிக்கு முடித்துவிட்டுச் சாமான்களை லான்ட்மாஸ்டரில் ஏற்றிக்கொண்டிருந்தோம். எங்கள் தவில்காரத் தம்பிக்கு வயது பத்தொன்பது. அவன் கேட்டான்: "அண்ணா, இன்றைக்கு வாசித்ததில் எது எங்களுடையது?" எனக்குப் பதில் வரவில்லை. வீடு வந்து சேரும்வரை ஒருவரும் பேசவில்லை.

அதற்குப் பிறகுதான் ஆர்ட் என்செம்பிள் ஒவ் சிக்காகோ என்ற அமெரிக்க ஜாஸ் குழுவைக் கேட்கத் தொடங்கினேன். 1965-ல் சிக்காகோவின் தெற்குப் பகுதியில் கறுப்பினக் கலைஞர்கள் சிலர் ஒரு சங்கம் தொடங்கினார்கள். ஏ.ஏ.சி.எம். என்பது அதன் சுருக்கப் பெயர். முன்னின்றவர்களில் ஒருவர் பியானோக் கலைஞர் முஹால் ரிச்சர்ட் ஏப்ரம்ஸ். அந்தச் சங்கத்தின் மேடையில் ஏறுபவர் சொந்தமாக ஆக்கிய இசையை வாசிக்க வேண்டும். இதுதான் அவர்கள் வைத்த நிபந்தனை. அடுத்தவருடைய பாட்டை எவ்வளவு அழகாக வாசித்தாலும் அங்கே இடமில்லை.

அந்தச் சங்கத்திலிருந்து வந்த குழு இது. சாக்சபோன் வாசித்த ரோஸ்கோ மிட்செல், ஜோசப் ஜார்மன். ட்ரம்பெட் வாசித்த லெஸ்டர் போவி. டபுள் பேஸ் வாசித்த மலகாய் ஃபேவர்ஸ். 1967-ல் அவர்களுடைய ட்ரம்ஸ்காரர் ஃபிலிப் வில்சன் வேறொரு குழுவுக்குப் போய்விட்டார். தாளத்துக்கு ஆளில்லை. எங்கள் குழுவுக்கு அப்படி நடந்திருந்தால் ரிதம் பெட்டி ஒன்றை வாங்கிப் பொருத்தியிருப்போம். அவர்கள் நால்வரும் ஆளுக்கொரு மணி, சீழ்க்கை, சேகண்டி, கிலுகிலுப்பை, சைக்கிள் ஹோர்ன் என்று எடுத்துக்கொண்டு, தாளத்தைத் தங்களுக்குள் பங்கிட்டுக்கொண்டார்கள். பிறகு அதுவே அந்தக் குழுவின் அடையாளமாகிவிட்டது. நூற்றுக்கணக்கான சிறு வாத்தியங்களை மேடையில் பரப்பி வைத்து வாசித்தார்கள். 1969-ல் பாரிஸுக்குப் போனார்கள். அந்தப் பயணத்துக்காக லெஸ்டர் போவி தன் வீட்டுத் தளபாடங்களை விற்றார். பெயரில் சிக்காகோ ஒட்டிக்கொண்டதும் அங்கேதான். 1970-ல் டொன் மோயே ட்ரம்ஸுக்கு வந்து சேர்ந்தார்.

ஒரே மேடையில் ஊர்வல பாண்ட் இசை வரும், தேவாலயப் பாட்டின் சாயல் வரும், ரெகே வரும், பிறகு மூன்று நிமிடம் ஒரு மணியைத் தவிர வேறெதுவும் வராது. அநேகமானவை அவர்களே ஆக்கியவை. எத்தனை வகை வந்தாலும் இது இவர்கள்தான் என்று தெரிகிறது.

என் கேள்வி இதுதான். எங்கள் ஏழு பேருக்கும் எல்லா வகையும் வாசிக்க வரும். சொந்தமாக ஒன்றும் வராது. எங்கிருந்து தொடங்குவது? எங்களிடம் சொந்தமான வாத்திய இசை என்று ஒரு மரபு இல்லையே.

---

பழைய ஆசிரியர் (மாங்குளம்)

தம்பி, உங்கள் பதிவை இரண்டு தடவை படித்தேன்.

வொய்ஸ் ஒவ் அமெரிக்கா வானொலியில் வில்லிஸ் கொனோவர் என்பவர் 1955-லிருந்து ஜாஸ் நிகழ்ச்சி நடத்தினார். நிறுத்தி நிறுத்தி, எளிய ஆங்கிலத்தில் பேசுவார். ஆங்கிலம் அதிகம் தெரியாதவர்களுக்கும் விளங்க வேண்டும் என்பது அவருடைய எண்ணம். என் தமையனார் அதைக் கேட்டுத்தான் ஆங்கிலம் படித்தார். 1990-களில் இங்கே மின்சாரம் இல்லை, பற்றரியும் கிடைக்காது. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து ஒருவர் பெடலைச் சுற்ற, டைனமோவிலிருந்து வயர் இழுத்து வானொலி கேட்போம். எல்லாரும் செய்திக்காகச் சுற்றினோம். செய்தி முடிந்த பிறகும் தமையனார் சுற்றச் சொல்லுவார். கை வலிக்கும். அந்த இருட்டில் சாக்சபோன் கேட்கும். சுற்றுகிற வேகம் குறைந்தால் சத்தமும் தளரும். இன்றைக்கும் சாக்சபோனைக் கேட்டால் என் கைக்கு அந்தச் சுற்று ஞாபகம் வருகிறது.

இன்னொன்று. அமெரிக்க ஜாஸ் மேதை டியூக் எலிங்டன் 1963-ல் தன் பெரிய வாத்தியக் குழுவோடு கொழும்புக்கு வந்தார். அமெரிக்க வெளியுறவுத் திணைக்களம் அனுப்பிய பயணம் அது. அந்த நவம்பரில் ஜனாதிபதி கெனடி கொல்லப்பட்டதும் பயணம் இடையில் நின்றது. போன நாடுகளில் கேட்டதையெல்லாம் மனதில் போட்டு வைத்திருந்து, மூன்று வருடத்துக்குப் பிறகு 'ஃபார் ஈஸ்ட் சூட்' என்ற சொந்தத் தொகுப்பை ஒலிப்பதிவு செய்தார். கேட்ட ராகங்களை அப்படியே ஒட்டாமல், ஊறவிட்டு எழுதினார். நீங்களும் அவசரப்படாதீர்கள்.

---

மேளகாரர் மகன் (முள்ளியவளை)

இரணைமடு அண்ணா, உங்கள் கடைசி வரியை நான் ஏற்கமாட்டேன். "சொந்தமான வாத்திய இசை என்று ஒரு மரபு இல்லை" என்று எப்படி எழுதினீர்கள்? உங்கள் குழுவிலேயே நாதஸ்வரம் இருக்கிறதே, அவரிடம் கேட்கவில்லையா?

மல்லாரி என்ன? சாமி வெளிவீதிக்கு வரும்போது வாசிக்கிறோமே, அதற்கு ஒரு வரி சாகித்தியம் உண்டா? முழுக்க முழுக்க வாத்தியத்துக்கென்றே பிறந்த இசை. கம்பீரநாட்டையில் ஐந்தே ஐந்து சுவரம். அதற்குள் காலத்தை மாற்றி, நடையை மாற்றி, தேருக்கு ஒன்று, தீர்த்தத்துக்கு ஒன்று, தளிகைக்கு ஒன்று என்று எத்தனை வகை. ஒவ்வொரு மேளகாரக் குடும்பமும் தன் மல்லாரியை ஆக்கி வைத்திருந்தது. என் அப்பப்பாவின் மல்லாரி ஒன்று எங்கள் வீட்டைத் தவிர வேறெங்கும் கிடையாது. அவர் அதை எழுதி வைக்கவில்லை. அப்பாவுக்குத் தெரியும், எனக்குத் தெரியும், அவ்வளவுதான்.

தவில் மேதை தெட்சணாமூர்த்தி 1975-ல் மறைந்தார். அப்போது அவருக்கு வயது நாற்பதைச் சற்றே கடந்திருந்தது. அவர் வாசித்த தனி யாருடைய இசை? அந்த நிமிடத்தில் அவர் ஆக்கியது. ஜாஸ்காரர் தனி வாசிப்பதை உலகம் படைப்பு என்கிறது. எங்கள் மேளச்சமாவில் இரண்டு தவில் விடியும்வரை பதிலுக்குப் பதில் வாசித்ததை நாங்களே கேளிக்கை என்று சொல்லிக் கடந்துவிட்டோம். கோபம் வருகிறது அண்ணா, உங்கள்மேல் இல்லை.

அமெரிக்க ஜாஸ் பியானோக் கலைஞர் டேவ் புரூபெக் 1958-ல் சென்னைக்கு வந்தபோது பழனி சுப்பிரமணிய பிள்ளையின் மிருதங்கத்தோடு சேர்ந்து வாசித்தார். அடுத்த வருடம் அவருடைய குழு வெளியிட்ட 'டேக் ஃபைவ்' ஐந்து எண்ணிக்கையில் போகும். குழுவின் சாக்சபோன்காரர் போல் டெஸ்மண்ட் ஆக்கியது. அது மூன்றும் இரண்டுமாகப் பிரியும். எங்கள் கண்டம் 'தக தகிட' என்று இரண்டும் மூன்றுமாக நடக்கும். அதே இசைத்தட்டில் இன்னொன்று ஒன்பது எண்ணிக்கை. இஸ்தான்புல் தெருவில் கேட்ட தாளம்: இரண்டு, இரண்டு, இரண்டு, மூன்று. மூன்று தடவை அப்படி வந்துவிட்டு நான்காவது தடவை மூன்று மூன்றாக மாறும். உங்கள் தம்பியிடம் ஒரு தடவை சொல்லிக் காட்டுங்கள். அடுத்த நிமிடமே வாசிப்பான். கணக்கு அவன் கையில் ஏற்கெனவே இருக்கிறது.

---

உபயகாரர் (விசுவமடு)

நான் இசைக்காரன் இல்லை. எங்கள் கோயிலில் மூன்றாம் திருவிழா எங்கள் குடும்பத்து உபயம். இசைக்குழுவுக்குக் காசு கொடுப்பவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

நாள் முழுக்க வயலில் நின்றுவிட்டு வருகிற சனம். பாய் விரித்துப் பிள்ளைகளோடு உட்கார்ந்திருக்கும். தெரிந்த பாட்டு வந்தால் முகம் மலரும். அந்த முகத்தைப் பார்க்கத்தான் நான் காசு கொடுக்கிறேன். ஒரு மணியை மூன்று நிமிடம் தட்டிக்கொண்டிருந்தால் அவர்கள் எழுந்து கடலைக்காரரிடம் போய்விடுவார்கள். சனத்துக்கு ரசனை இல்லை என்று யாரும் எழுதிவிடாதீர்கள். இந்தச் சனம் காத்தவராயன் கூத்தை விடியவிடியப் பார்க்கும். தனக்கு உரியது என்று தெரிந்ததை அது கைவிடாது. உங்கள் புதிய இசை அவர்களுக்கு உரியது என்று எப்படிக் காட்டப்போகிறீர்கள்? அதைச் சொல்லுங்கள்.

---

இரணைமடு

மேளகாரர் மகன் தம்பி, மன்னியுங்கள். தவறு என்னுடையது. எங்கள் நாதஸ்வரக்காரரிடம் கேட்டேன். அவரிடம் இரண்டு மல்லாரி இருக்கிறது. எட்டு வருடமாகப் பக்கத்தில் நின்று வாசிக்கிறேன், ஒரு நாளும் கேட்டதில்லை.

உபயகாரர் ஐயா, உங்கள் கேள்விக்கு என்னிடம் இப்போது பதில் இல்லை. யோசிக்கிறேன்.

---

நந்திக்கடல் (முல்லைத்தீவு)

இந்தச் சிக்காகோக் குழுவின் பெயரை இந்த இழையில்தான் முதலில் பார்த்தேன். தேடியபோது 'பீப்பிள் இன் சாரோ' என்ற தலைப்பு கண்ணில் பட்டது. துயரத்தில் இருக்கும் மக்கள். 1969-ல் பிரான்சில் பதிவானது. இசைத்தட்டின் இரண்டு பக்கமும் சேர்த்து ஒரே ஒரு படைப்பு, ஏறத்தாழ நாற்பது நிமிடம். ட்ரம்ஸ் இல்லாமல் நால்வரும் வாசித்த காலத்தது.

இரவு பிள்ளைகள் தூங்கிய பிறகு காதில் மாட்டிக்கொண்டு கேட்டேன். முதலில் ஒன்றும் நடக்காததுபோல் இருந்தது. மணிகள், எங்கோ தூரத்தில் ஒரு குழல். மிகவும் மெதுவாக ஒரு மெட்டு வருகிறது, போகிறது, திரும்பவும் வருகிறது. யாரும் அழவில்லை, யாரும் அழச் சொல்லவில்லை. பாதிக்கு மேல் எனக்குக் கேட்க முடியாமல் போனது. நிறுத்திவிட்டு முற்றத்தில் போய் நின்றேன். பிறகு வந்து மிச்சத்தைக் கேட்டேன்.

2009-க்குப் பிறகு எங்களைப் பற்றி எத்தனையோ பாட்டு வந்துவிட்டது. அநேகமானவை முதல் வரியிலேயே கண்ணீரைக் கேட்கும். எனக்கு அந்தப் பாட்டுகளோடு இருக்க முடிவதில்லை. சொல் இல்லாத ஒன்று வேண்டும் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன் என்பதே அன்றிரவுதான் எனக்குத் தெரிந்தது. மே மாதத்தில், போரில் இறந்தவர்களின் நினைவாக, நாங்கள் கஞ்சி காய்ச்சிக் கொடுக்கிறோம். அப்போதும் ஒலிபெருக்கியில் பாட்டுப் போகிறது. அந்த நேரத்துக்கு வாசிக்கக்கூடிய ஒன்றை இங்கே பிறந்த ஒரு குழு ஆக்க வேண்டும் என்பது என் விருப்பம்.

உபயகாரர் ஐயா, இது உங்கள் கேள்விக்கு முழுப் பதில் இல்லை. என் பங்கு.

---

ஸ்காபரோவிலிருந்து (கனடா, ஊர் புளியங்குளம்)

நந்திக்கடல் அக்கா எழுதியதற்குப் பிறகு பேசத் தயக்கமாக இருக்கிறது. ஆனாலும் ஓர் எச்சரிக்கை சொல்ல வேண்டும்.

இங்கே 'கலப்பிசை' என்ற பெயரில் நிறையப் பார்க்கிறேன். பின்னால் ட்ரம்ஸும் பேஸும் ஒரே சுற்றில் ஓடும், மேலே யாரோ ஒருவர் ராகம் வாசிப்பார், நடுவில் வாயால் சொல்கட்டுச் சொல்லும் ஒரு கொன்னக்கோல். இருவரும் ஒருவரை ஒருவர் கேட்பதில்லை. அந்தப் பாதையில் போகாதீர்கள். 1970-களில் கிற்றார்க் கலைஞர் ஜோன் மக்லாஃப்லின் தொடங்கிய 'சக்தி' குழு அப்படி இருக்கவில்லை. விநாயக்ராமின் கடமும் கிற்றாரும் ஒன்றையொன்று துரத்தும். சார்லி மரியானோ என்ற அமெரிக்க சாக்சபோன்காரர் இந்தியாவுக்கு வந்து நாதஸ்வரம் படித்தார், மேடையிலும் வாசித்தார். ஓர் ஜாஸ் கலைஞர் நாதஸ்வரத்தின் முன் மாணவராக உட்கார்ந்தார் என்பதை எங்கள் பிள்ளைகள் அறிய வேண்டும். விஜய் ஐயர் அமெரிக்காவில் தமிழ்ப் பெற்றோருக்குப் பிறந்த பியானோக் கலைஞர். இந்த இழையில் பேசும் ரோஸ்கோ மிட்செலின் குழுவிலேயே வாசித்தவர். அவருடைய இசையில் மிருதங்கத்தின் கணக்கு உள்ளே ஓடும், மேலே விளம்பரப் பலகை இருக்காது.

காசைப் பற்றியும் பேசுங்கள். ஆர்ட் என்செம்பிள் ஒரு கூட்டுறவுபோல நடந்தது. வருமானத்தில் ஒரு பகுதி பொது நிதிக்குப் போகும், வாத்தியமும் வாகனமும் அதிலிருந்து வாங்கப்படும். குழுவுக்கு முதலாளி கிடையாது. லெஸ்டர் போவி 1999-லும், மலகாய் ஃபேவர்ஸ் 2004-லும், ஜார்மன் 2019-லும் இறந்தார்கள். ஆனாலும் 2019-ல் ஐம்பதாவது ஆண்டுத் தொகுப்பு வெளிவந்தது. மிட்செலும் மோயேயும் இளம் கலைஞர்கள் பலரைச் சேர்த்துக்கொண்டார்கள். ஒருவருடைய பெயரில் குழு இருந்திருந்தால் அது அவரோடு முடிந்திருக்கும்.

---

பிற்பாட்டு (முல்லைத்தீவு)

கோவலன் கூத்தில் முப்பது வருடம் பிற்பாட்டுப் பாடியவன். கைத்தொலைபேசியில் எழுதுவது கடினம், பேரன் தட்டித் தருகிறான்.

நீங்கள் சொல்கிற வெள்ளைக்காரர், கறுப்பர் ஒருவரையும் எனக்குத் தெரியாது. ஆனால் பேரன் அந்தச் சிக்காகோக் குழுவின் காணொளி ஒன்றைக் காட்டினான். முகத்தில் வர்ணம் பூசிய மூன்று பேர், வெள்ளை டொக்டர் சட்டை போட்ட ஒருவர். தொடங்குவதற்கு முன் எல்லோரும் கிழக்குப் பார்த்துப் பேசாமல் நின்றார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கூத்தைப் பழக்கி நடத்தும் அண்ணாவியார் மத்தளத்தைத் தொட்டுக் கும்பிட்டு நிற்பது ஞாபகம் வந்தது.

பிறகு கேட்டேன். ஒரு பாட்டு முடிந்து அடுத்தது தொடங்கும் இடம் தெரியவில்லை. ஒன்றுக்குள் ஒன்று போகிறது. எங்கள் கூத்தும் அப்படித்தான். ஆள் மேடைக்கு வரும் வரவு முடிய வசனம், வசனத்தின் வாலைப் பிடித்துத் தரு என்ற கூத்துப் பாட்டு, சல்லரித் தாளம் ஒரு கணமும் தூங்காது. யார் எப்போது எடுப்பது என்று அண்ணாவியார் கண்ணால் சொல்லுவார்.

முல்லைத்தீவுப் பாணியான முல்லை மோடிக் கூத்தில் ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு வரவு மெட்டு உண்டு. உங்கள் ஏழு பேரும் ஆளுக்கொரு வரவு ஆக்குங்கள். தன் வரவைத் தானே ஆக்க வேண்டும். அதற்குப் பிறகு மற்றதெல்லாம் வரும்.

---

மேளகாரர் மகன்

ஐயா, இதைவிட நல்ல யோசனை இந்த இழையில் வராது.

---

இரணைமடு

உறவுகளே, மூன்று கிழமை கழித்து எழுதுகிறேன். பிற்பாட்டு ஐயா சொன்னபடி ஆளுக்கொரு வரவு என்று தொடங்கினோம்.

முதல் ஒத்திகை குழப்பம். நாதஸ்வரமும் தவிலும் எடுத்த எடுப்பில் வயலின் காணாமல் போய்விட்டது. ஒலிவாங்கியைக் கூட்டினோம், இரைச்சல்தான் கூடியது. இரண்டாம் நாள் ஒலிபெருக்கியை முழுவதும் நிறுத்திவிட்டு, நாதஸ்வரத்தையும் தவிலையும் வெளியே வேப்பமரத்தடிக்கு அனுப்பினோம். வயலினும் பாட்டும் விறாந்தையில். அப்போதுதான் ஒருவரை ஒருவர் கேட்க முடிந்தது. தூரத்திலிருந்து நாதஸ்வரம் வரும்போது அதற்கு வேறொரு முகம் இருக்கிறது.

சுருதிக்கும் ஒரு வழி கிடைத்தது. எங்கள் நாதஸ்வரம் இரண்டரைக் கட்டை. என் ட்ரம்பெட் பீ ஃபிளாட் வாத்தியம். நான் எஃப் ஸ்தானத்தைச் சட்ஜமாக வைத்தால் இரண்டும் கச்சிதமாகச் சேர்கிறது. அந்த இடத்தில் கம்பீரநாட்டை என் விரலுக்கு மிகவும் வசதி. ஓர்கன்தான் சங்கடப்பட்டது. கமகத்துக்கு அது வளையாது. ஓர்கன்காரத் தம்பியே எழுந்து, "நான் இதற்கு வேறொன்று கொண்டுவருகிறேன்" என்று சொல்லிப் போனான். அடுத்த நாள் வந்தது ஒரு தண்டவாளத் துண்டு. போர்க்காலத்தில் ரயில்பாதை கழற்றப்பட்டபோது எங்கோ தப்பியது. அவன் படித்த பாடசாலையில் வெகுகாலம் மணியாகத் தொங்கியது. புதிய மின்மணி வந்ததும் கழற்றி மூலையில் போட்டிருந்தார்கள். அதிபரிடம் கேட்டு வாங்கி வந்திருக்கிறான்.

அதை ஒரு தடவை தட்டினான். எல்லோரும் பேச்சை நிறுத்திவிட்டோம். எங்கள் ஒவ்வொருவருக்கும் அந்தச் சத்தம் தெரியும். அது அடங்கச் சில விநாடிகள் எடுக்கிறது. அந்த அடங்கலுக்குள் வயலின் மெல்ல எடுத்தது. அதுதான் இப்போது எங்கள் படைப்பின் தொடக்கம்.

அதன்பிறகு ஒவ்வொருவராகக் கொண்டுவந்தார்கள். மாட்டுச் சலங்கை, சேமக்கலம், கிளி விரட்ட வயலில் தட்டும் தகரம், வேள்விக்கு அடிக்கும் உடுக்கு. தங்கை பாடுவதற்குச் சொல் வேண்டாம் என்றாள். அவளுடைய வரவு ஒரு தாலாட்டின் 'ராரா' மட்டும். கிற்றார்காரர் நீர்ப்பம்பியின் துடிப்பை எடுத்திருக்கிறார், மண்ணெண்ணெய் குறையும்போது அது தடுக்குமே, அந்த இடறல் உட்பட. ஏழு எண்ணிக்கையில் விழுகிறது. தவில்காரத் தம்பி அதைப் பிடித்துக்கொண்டு பத்து நிமிடம் விடவில்லை. நாதஸ்வரக்காரரின் வரவு அவருடைய தாத்தாவின் மல்லாரியிலிருந்து கிளம்புகிறது. பாதி வழியில் அவர் தனக்கென்று ஒரு திருப்பம் போட்டிருக்கிறார். என்னுடையது மட்டும் இன்னும் சரிவரவில்லை. நான் எதை ஊதினாலும் நாங்கள் வாசித்த பாட்டுகளின் வால் வந்துவிடுகிறது. தினமும் காலையில் குளக்கட்டில் போய் ஊதிப் பார்க்கிறேன்.

இப்போது எல்லாம் சேர்ந்து இருபத்திரண்டு நிமிடம் வருகிறது.

---

உபயகாரர்

தண்டவாள மணி என்றதும் நான் படித்த கொட்டில் பள்ளிக்கூடம் கண்ணுக்கு முன்னால் வந்துவிட்டது. என் மனைவிக்குப் படித்துக் காட்டினேன். கிளி விரட்டும் தகரத்தையா வாசிக்கிறார்கள் என்று கேட்டு, தன் தகப்பன் தட்டும் முறையை எனக்குத் தட்டிக் காட்டினாள்: இரண்டு தட்டு, ஒரு கூக்குரல், பிறகு மூன்று தட்டு.

வைகாசியில் எங்கள் உபயம். சாமி வீதி சுற்றி இருப்புக்கு வந்த பிறகு, வழமையான பாட்டுகளுக்கு முன்னால், அந்த இருபத்திரண்டு நிமிடத்தை வாசியுங்கள். சனம் எழுந்து போனால் போகட்டும். சாமிக்கு முன்னால் நான் இருப்பேன். ஒலிபெருக்கி வேண்டாம் என்றால் வேண்டாம். வேப்பமரம் இல்லை, மருதமரம் இருக்கிறது.

---

நந்திக்கடல்

வைகாசி எத்தனையாம் திகதி ஐயா? முல்லைத்தீவிலிருந்து நாங்கள் நாலைந்து பேர் வருகிறோம். இரவு திரும்பிப் போகப் பஸ் கிடைக்காது. தங்க இடம் கிடைக்குமா?

---

உபயகாரர்

எங்கள் வீடு இருக்கிறது அக்கா. திகதியை ஐயரிடம் கேட்டு நாளைக்கு எழுதுகிறேன். பிற்பாட்டு ஐயாவையும் பேரனையும் கூட்டிக்கொண்டு வாருங்கள்.